வழுக்க மறுத்த ரப்பர் பூட்ஸ்

1

ஆம்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்கள் முதலில் விசாரிக்கப்போவது என் உடல்நலத்தைத்தான். நான் நலமாக இருக்கிறேன். இவ்வூர்க் காற்றுதான் சற்று முரடாக இருக்கிறது.

நியூசிலாந்து நாட்டின் வெலிங்டன் நகரம் குன்றுகளின் மேல் அமைந்தது. கடலிலிருந்து புறப்படும் காற்று எந்தத் தெருவையும் விட்டுவைப்பதில்லை. சில நாட்களுக்கு முன் பேத்தி ஜெனியுடன் மழலையர் பள்ளிக்குச் சென்றபோது, வாசற்கதவைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. காற்றின் வேலை என்று எண்ணி இன்னும் பலமாகத் தள்ளினேன். ஜெனி என் புடவையைப் பற்றி நிறுத்தி, கதவில் ஒட்டியிருந்த வில்லையைக் காட்டினாள். ‘இழு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உழைத்த காலம் முழுவதும் தள்ளுவதையும் இழுப்பதையும் பிள்ளைகளுக்குக் கற்பித்த என்னை, ஒரு கதவு அன்று மாணவியாக்கியது.

இம்மாதத்துடன் நான் இங்கு வந்து ஓராண்டு நிறைவுறுகிறது. என் மகள் ரூபி வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, இங்கே ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். ஜெனியைக் கவனித்துக்கொள்ளவே என்னை அழைத்தாள். ஆனால் இந்நாட்டில் குழந்தைகள் ஐந்து வயது நிறைந்ததும் பெரிய பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஜெனிக்கு அந்த வயது நெருங்குகிறது. அதன்பின் இவ்வீட்டில் எனக்கு என்ன வேலை என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், அவளுடைய மழலையர் பள்ளியில் என்னை உதவியாளராகச் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள். பருவ முடிவில் தலைமை ஆசிரியை ஒரு முடிவு சொல்வார். வேண்டுமென்றால் நான் இங்கே இருப்பேன். வேண்டாமென்றால் ஆம்பூருக்குத் திரும்பிவிடுவேன். இவ்வாறு எனக்குள் நானே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டேன்.

என் கணவர் ஆம்பூரிலேயே இருக்கிறார். தோல் பதனிடும் ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ரூபி எத்தனையோ முறை அழைத்தும் அவர் அசையவில்லை.

“அந்தக் குளுருக்கு நான் வரமாட்டேன் எஸ்தரு. பேஜாரு. நீ ஒரு வருசம் இருந்துட்டு வந்துரு,” என்பார் தொலைபேசியில்.

“ஒரு வருசம் ஆயிடுச்சிங்க.”

“அப்ப கெளம்பு.”

ஜெனி என்னை ‘நானா’ என்று அழைப்பதை அவரிடம் சொன்னேன். இந்நாட்டில் பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் நெடுநேரம் சிரித்தார். “நம்ம பக்கத்து ஊட்டு உருதுக்காரப் பசங்க அவங்க தாத்தாவ இல்ல நானான்னு கூப்புடுதுங்க? நீ எப்ப எஸ்தரு தாத்தா ஆன?”

2

சிறு பிள்ளைகளின் அருகே செல்ல வேண்டுமானால் காவல்துறையின் நற்சான்று வேண்டும் என்பது இங்குள்ள விதி. நல்ல விதிதான். ஆனால் அதற்கான படிவம், நான் வாழ்ந்த ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் தெருவின் பெயரையும் கேட்டது. ‘பழைய சந்தைக்குப் பின்புறம், மாவு மில்லுக்கு எதிரில்’ என்பதற்கு அப்படிவத்தில் இடமில்லை. மாவு மில் இன்னும் இருக்கிறதா என்று அலுவலர் கேட்டார். மில் இடிந்துவிட்டது, ஆனாலும் தபால்காரர் அந்த அடையாளத்தில்தான் வருகிறார் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, உடன் வந்த ரூபியின் முகத்தைப் பார்த்து, கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டார். இன்றுவரை எந்த முகவரியில் நான் நற்சான்று பெற்றேன் என்பதை அறியேன்.

நம்மூர் அன்பர்கள் நம்பமாட்டாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் வெறுங்காலுடன் திரிகிறார்கள். ஏழ்மையினால் அன்று, அவர்களுக்கு அதுவே விருப்பம். கடைத்தெருவிலும் வெறுங்கால், தாயோ தந்தையோ கடிந்துகொள்வதில்லை. நம் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்து அனுப்பும் காலணிகளெல்லாம் இவர்களுக்காக என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! மழை பெய்தால் மட்டும் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் அணிவார்கள். அதில் ஓர் அங்குலத் தோல்கூட இல்லை.

3

ஆம்பூரை அடுத்த ஒரு காலணித் தொழிற்சாலையில், தையல் பிரிவின் சுவருக்கு மறுபுறம் இருந்த நீண்ட அறைதான் நான் பணிபுரிந்த இடம். அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் குழந்தைகள் காப்பகம். எங்கள் பேச்சில் ‘புள்ளைங்க ரூமு’. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் தாய்மாரோடு வந்து இறங்கும் பிள்ளைகளை, பாதி உறக்கத்திலேயே என் கைகளில் கொடுத்துவிட்டு அப்பெண்கள் இயந்திரங்களுக்கு ஓடுவார்கள். நான் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவள். பிள்ளைகள் உறங்கும் மதிய நேரத்தில் நூலகப் புத்தகங்களை வாசித்தே, இன்று எழுதுகின்ற இந்தத் தமிழை அடைந்தேன்.

ஒருமுறை வேலூரிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர், சிறு பிள்ளைகளுக்கு அறிவியலைச் சொல்லக்கூடாது, செய்யவைக்க வேண்டும் என்று கூறிச் சென்றார். செய்யவைப்பதற்கு எங்களிடம் என்ன குறை? காலணி அடைத்து அனுப்பும் பெரிய அட்டைப் பெட்டியில் ஒரு பிள்ளை உட்காரும். மற்றவை நாடாவைக் கட்டி இழுக்கும். சிமெண்டுத் தரையில் விரைந்து வரும் பெட்டி, கோரைப்பாயின் மேல் ஏறியதும் சண்டித்தனம் செய்யும். உள்ளே இருக்கும் பிள்ளை முன்னால் குப்புற விழுந்து சிரிக்கும். நூல் தீர்ந்த கூம்புகளை உருட்டினால் அவை நேராகப் போகாமல் வட்டமடித்துத் திரும்பும். காலின் வடிவில் செதுக்கிய மரக்கட்டை, காலணி செய்வதற்கான அச்சு, எங்களிடம் பழையது ஏராளமாகக் கிடந்தது. பலகையைச் சாய்த்து, கண்ணாடிபோல் மின்னும் பேட்டன்ட் தோலை அதன்மேல் விரித்து, அக்கட்டையை வைத்தால் சர்ரென்று இறங்கும். அதே தோலைத் திருப்பி, சொரசொரப்பான மறுபுறத்தை மேலே வைத்தால் கட்டை நின்றுவிடும். உராய்வு என்பதை இதைவிட எளிதாக யார் காட்ட முடியும்?

நம் பக்கத்து ஊர்களில் படித்த எவருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் சொல்லின் முதற்பாதியைச் சொல்வார். வகுப்பு மறுபாதியைச் சொல்லி முடிக்கும். நானும் அப்படியே கற்றேன், அப்படியே கற்பித்தேன்.

“பளபளன்னு இருந்தா கட்டை வழு...?”

“...க்கும்!”

“சொரசொரன்னு இருந்தா நி...?”

“...க்கும்!”

அந்த ஒலி சுவரைத் தாண்டி, தையல் இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டிச் செல்லும். சாப்பாட்டு மணி அடித்ததும் தாய்மார்கள் ஓடி வருவார்கள். நூர்ஜஹான் என்ற பெண் ஒருநாள் சொன்னாள்: “அக்கா, எம்புள்ள அந்த ‘க்கும்’ல மட்டும்தான் கத்துறான். மீதி நேரமெல்லாம் தூங்குறானா இன்னா?” மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் தன் பிள்ளையின் குரலை அவ்வளவு பேரொலியிலும் அவள் பிரித்தறிந்திருந்தாள். அந்தக் ‘க்கும்’ கேட்டபின்தான் தன் கவனம் தைக்கும் ஊசியில் நிலைக்கும், இல்லையேல் கை ஊசியில் மாட்டும் என்றாள்.

இந்த வழக்கம் முழுமையாகப் பயன்பட்டது ஆடிட் நாட்களில். காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்கள் தொழிற்சாலையைச் சோதிக்க வருவார்கள். அவர்கள் புள்ளைங்க ரூமுக்கும் வருவார்கள். முதல் நாளே சூப்பர்வைசர் தலையை நீட்டுவார்: “எஸ்தரக்கா, நாளைக்கு ஆடிட்டு. புள்ளைங்க மூக்கெல்லாம் தொடச்சி வையி. எதாச்சும் கேட்டா டக்குனு பதில் வரணும். ஆர்டர் கம்மியாச்சின்னா மொதல்ல ஊட்டுக்குப் போறது லைன்ல இருக்கற உங்க பொண்ணுங்கதான்.” எனவே முதல் நாள் முழுவதும் ஒத்திகை பார்ப்போம். மறுநாள் ஓரமாக நின்று பார்க்கும் விருந்தினர்களின் முன்னால் என் பிள்ளைகள் ஒருநாளும் பிசகியதில்லை. அவர்கள் தலையசைத்துவிட்டுப் போனபின், அறைக்குள் எட்டிப்பார்க்கும் தாய்மாரின் முகங்களை நான் மறக்கமாட்டேன்.

4

இங்குள்ள தலைமை ஆசிரியையின் பெயர் கேத்ரின். உயரமான, மெதுவாகப் பேசும் பெண்மணி. ஒருநாள் என்னை அழைத்துக் கூறினார். (ஆங்கிலத்தில் நடந்த பேச்சுகளை எனக்குப் புரிந்த அளவில் நம் பேச்சாக்கித் தருகிறேன்.)

“வியாழக்கிழமை பிள்ளைங்களுக்கு நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. தள்ளுறது, இழுக்குறது, வழுக்குறது, எதுவா இருந்தாலும் சரி. நான் ஓரமா உக்காந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பேசுவோம்.”

ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்ற சொற்கள் என் செவியில் ஒரே பொருளில்தான் விழுந்தன. ஆடிட்!

பேட்டன்ட் தோல் துண்டுகளும் பழைய அச்சுக்கட்டை ஒன்றும் என்னிடம் தயாராக இருந்தன. விடுமுறைக்கு வேலூர் சென்று திரும்பிய ரூபியின் தோழி வழியாக, செய்தித்தாளில் சுற்றி, என் கணவர் அனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டாராம். நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த என்று அப்பெண் சொன்னதும் மறுபடியும் முகர்ந்தாராம்.

புதன்கிழமை பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடும் வேளையில், கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் அவர்களைக் கூட்டினேன். தோலைக் காட்டினேன். தடவிப் பார்க்கச் செய்தேன். பின்பு ஒத்திகை தொடங்கியது. “ஷைனி...?” என்றேன். விழித்தார்கள். நானே “ஸ்லைட்ஸ்” என்று முடித்தேன். “ரஃப்...?” “ஸ்டாப்ஸ்.” இரண்டு மூன்று முறைக்குப்பின் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கொட்டகையின் தகரம் அதிரக் கத்தினார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. உலகின் மறுகோடியில் புள்ளைங்க ரூமு மீண்டும் திறந்துவிட்டது போலிருந்தது. நாளை கேட்டால் இப்படியே சொல்ல வேண்டும், அதுவரை இது நமக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. பலகையை நாற்காலியில் சாய்த்து, ஒரு பாதியில் தோலின் பளபளப்பான முகத்தையும், மறுபாதியில் சொரசொரப்பான முகத்தையும் மேலே தெரியுமாறு கட்டினேன். கேத்ரின் சுவரோரமாகச் சிறு நாற்காலியில் அமர்ந்தார். மரக்கட்டையைக் கையில் எடுத்தேன். பலகையின் அருகே கொண்டுபோகவும் இல்லை.

“ஷைனி...?”

“ஸ்லைட்ஸ்!”

“ரஃப்...?”

“ஸ்டாப்ஸ்!”

ஆம்பூராக இருந்தால் இந்த இடத்தில் விருந்தினர் தலையசைத்திருப்பார். கேத்ரினின் புருவம் மட்டும் உயர்ந்தது. அப்போது, என் வயிற்றில் பிறந்தவளின் வயிற்றில் பிறந்த ஜெனி எழுந்து நின்று அறிவித்தாள்:

“எங்களுக்கு எல்லாம் தெரியும் கேத்ரின்! நானா நேத்தே சொல்லிக் குடுத்துட்டாங்க. கொட்டாய்க்குப் பின்னாடி. அது ரகசியம்!”

என் கையிலிருந்த கட்டை கனத்தது. தமிழில் ஜெனியை அடக்கப்பார்த்தேன். “உக்காரும்மா கண்ணு,” என்றேன். “ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் தமிழ் புரிகிறது, பேச்சாகத் திரும்பி வருவதில்லை.

அந்த நேரத்தில் ஆரோகா என்ற சிறுமி எழுந்தாள். முதல் நாள் ஒத்திகைக்கு வராதவள். மழையில் நனைந்த தன் ரப்பர் பூட்ஸைத் துடைத்துத் துடைத்து அதனுடனே பேசிக்கொண்டிருந்தவள். அவள் வலது பூட்ஸைக் கழற்றிப் பளபளப்பான பக்கத்தில் வைத்தாள். வழுக்குவதற்காக எல்லோரும் காத்திருந்தோம். அது நின்றது. ஒட்டவைத்தது போல நின்றது. அதை எடுத்துச் சொரசொரப்பான பக்கத்தில் வைத்தாள். சற்று யோசித்ததுபோல் நின்று, பிறகு கிடுகிடுவென்று இறங்கி என் காலடியில் விழுந்தது.

அறையில் ஒரே கூச்சல்.

“வழுக்கும்னு சொன்னீங்க!”

“தப்பு! தப்பு!”

“இன்னொரு தடவ வை!”

கட்டையை வைத்தேன். அது நான் சொன்னபடியே பளபளப்பில் இறங்கியது. பூட்ஸை வைத்தேன். நின்றது. ஆம்பூரில் நாங்கள் மரக்கட்டையைத் தவிர வேறெதையும் வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லா முகங்களும் என்னை நோக்கின. அவர்களுக்கு எடுத்துக்கொடுக்க என்னிடம் சொல்லின் முதற்பாதியும் இல்லை, மறுபாதியும் இல்லை.

“எனக்குத் தெரியலையே,” என்றேன், கேத்ரினுக்கும் கேட்கும்படியாக.

அதன்பின் அப்பலகையை யாரும் என்னிடம் விட்டுவைக்கவில்லை. ஒருவன் காலுறையைக் கழற்றி வைத்தான். அது பளபளப்பில் பறந்தது. ஒருத்தி ஆப்பிளை வைத்தாள். அது எங்கு வைத்தாலும் உருண்டோடி நாற்காலிக்கு அடியில் புகுந்தது. ஜெனி தன் வெறும் பாதத்தைத் தோலில் அழுத்தி இழுத்துப் பார்த்தாள்; கீச்சென்று ஓர் ஒலி எழ, எல்லோரும் தத்தம் பாதங்களைக் கொண்டுவந்தார்கள். பலகையை உயர்த்தினார்கள், தாழ்த்தினார்கள், சண்டையிட்டார்கள். கடைசியில் ஆரோகா தன் பூட்ஸைத் தடவிக்கொண்டே சொன்னதை நம்மூர்ப் பேச்சில் சொல்வதானால் இப்படித்தான் சொல்ல வேண்டும்:

“பூட்ஸும் இதும் தோஸ்து. கட்டையும் இதும் தோஸ்து இல்ல.”

வழவழப்பு, சொரசொரப்பு என்று நான் தோலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எது எதைத் தொடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அவள் தோழமையாகக் கண்டுகொண்டாள்.

5

வெள்ளிக்கிழமை கேத்ரினின் அறைக்குள் நுழையும்போதே விமானச் சீட்டைப் பற்றி எண்ணத் தொடங்கியிருந்தேன். அவர் தேநீர் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்.

“எதுக்காக முன்னாடி நாளே பழக்குனீங்க?”

ஆடிட்டைப் பற்றிச் சொன்னேன். சுவருக்கு அப்பால் இருந்த பெண்களைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் பிசகினால் யாருக்கு என்ன ஆகும் என்று நாங்கள் அஞ்சினோம் என்பதைச் சொன்னேன். இடையிடையே என் ஆங்கிலம் நின்றுபோயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை.

“இங்க யாராவது தப்பா சொன்னா, எந்த அம்மாவுக்கும் வேலை போகாது,” என்றார்.

“தெரியும். என் மூளைக்குத் தெரியும். வாய்க்குத்தான் தெரியல.”

அவர் சிரித்துவிட்டார். “நேத்து தெரியலன்னு சொல்லிட்டு நீங்க ஒதுங்கி நின்னீங்க பாருங்க, அது எனக்கு வேணும். திங்கட்கிழமை வாங்க. பருவ முடிவு வரைக்கும் காத்திருக்க வேணாம், சோதனை முடிஞ்சுது. ஆனா கொட்டாய்க்குப் பின்னாடி வகுப்பு வேணாம்.”

ஒப்புக்கொண்டேன். ஆயினும் அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தக் கூட்டுக்குரலைப் போல் இனிய ஒலியை நான் இந்நாட்டில் இன்னும் கேட்கவில்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் பேசுகிறது. அது அறிவுக்கு நல்லது. அங்கே எல்லாம் சேர்ந்து ‘க்கும்’ என்றபோது, சுவருக்கு அப்பால் ஒரு தாயின் கை ஊசியில் படாமல் தப்பியது. அதுவும் நல்லதே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இப்போது எனக்குத் தெரியாது.

6

அன்று மாலை ஆம்பூருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலை நேரம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு என் கணவர் சொன்னார்:

“தெரியாதுன்னு சொல்லி வேலை வாங்குன மொத ஆளு நீதான் எஸ்தரு. நான் ஃபேக்டரில அப்படிச் சொல்லியிருந்தா கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிருப்பான்.”

“திங்கட்கிழமையிலருந்து போறேங்க.”

“போ, போ. நல்லா செய்.” சிறிது நேரம் இருமினார். “அப்ப வர்றது இல்ல.”

“இப்போதைக்கு இல்லீங்க.”

“ம்.”

“நீங்க வர்றீங்களா?”

இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்ட மூச்சிலேயே பதிலையும் நானே சொல்லிவிடுவேன்: ‘குளுருன்னுவீங்க, தெரியும்’ என்பேன், அவர் ‘ஆமா, குளுரு’ என்று முடித்துவைப்பார். இம்முறையும் அச்சொற்கள் நாவின் நுனிவரை வந்தன. உதடுகளை மூடிக்கொண்டேன்.

மறுமுனையில் எங்கள் வீட்டு மின்விசிறியின் கடகடப்பு கேட்டது. தெருவில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டு போனார்கள். ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ரயிலின் ஊதல் நீண்டு, தேய்ந்து, நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஒருமுறை தொலைபேசியின் முகத்தைப் பார்த்தேன். அறுபடவில்லை. மீண்டும் செவியில் வைத்துக்கொண்டேன்.

“ஏம்மே,” என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. “அங்க ஸ்வெட்டரு வெல ஜாஸ்தியா? இல்ல, வேலூரு போயி நானே ஒண்ணு வாங்கியாந்துடட்டுமா?”